பில் போடக் கைபேசி எண் எதற்கு? தமிழ்நாட்டு வணிகர்களுக்கும் அவர்தம் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சிறு, நடுத்தரக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாதந்தோறும் உங்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து விற்பனை விவரத்தை எடுக்கும்போது, வரிக்கணக்குக்குச் சற்றும் தேவைப்படாத இன்னொரு பட்டியலும் கூடவே வந்து விழுகிறது. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், சில கடைகளில் முகவரி, துணிக்கடை நகைக்கடை என்றால் பிறந்தநாளும் திருமண நாளும், இவற்றோடு யார் எந்தத் தேதியில் என்ன வாங்கினார் என்ற முழு வரலாறும் அதில் இருக்கின்றன. பல்லாயிரம் குடும்பங்களின் சொந்த விவரங்கள் எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் கணினியிலும் பென்டிரைவிலும் மின்னஞ்சல் இணைப்புகளிலும் கிடப்பதைத் தொடர்ந்து பார்த்து வருவதாலேயே இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பில் போடுவதற்குக் கைபேசி எண்ணை நிபந்தனையாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இதுவரை சேர்ந்திருப்பதில் தேவையற்றதை அழித்துவிடுங்கள். உண்மையாகவே தேவைப்படுவதை மட்டும், கல்லாப் பணத்துக்குக் கொடுக்கும் காவலோடு வைத்திருங்கள்.

“நம்பர் இல்லாமல் சிஸ்டம் பில் எடுக்காது” என்று கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வரிச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 46ஆம் விதி, ஜிஎஸ்டி பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு விற்கும்போது, வரிக்குரிய மதிப்பு 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அவருடைய பெயரையும் முகவரியையும் பில்லில் கட்டாயமாக்குகிறது. அதற்குக் கீழே என்றால், அவரே கேட்டுக்கொண்டால் மட்டும் எழுதினால் போதும். கைபேசி எண் என்ற பேச்சே அந்த விதியில் இல்லை. 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரே முறையில் நகை வாங்குவோரிடம் பான் எண் கேட்பது வருமான வரி விதியின்படி உங்கள் கடமை. அதைத் தயங்காமல் கேளுங்கள். எண்ணெயும் சோப்பும் வாங்கிக்கொண்டு 180 ரூபாய் கொடுக்கும் ஒருவரிடம் எண் கேட்பதற்கு எந்தச் சட்டமும் உங்களைப் பணிக்கவில்லை.

மாறாக, அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே அரசு சொல்லியிருக்கிறது. நுகர்வோர் புகார்கள் வந்ததையடுத்து, 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, கைபேசி எண் தராவிட்டால் பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று சில்லறை வணிக அமைப்புகளுக்கு அறிவுரை அனுப்பியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறைகளை வரையறுக்கும் இடத்தில், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டப்படியான காரணமின்றிப் பிறருக்கு வெளிப்படுத்துவதையும் சேர்த்திருக்கிறது. ஆகவே, அடுத்த தெருவில் புதிதாகக் கடை திறக்கும் உறவினருக்கு உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி உதவுவது, நீங்கள் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், இன்றைக்கே சட்டத்துக்குப் புறம்பான செயல்தான்.

கட்டாயப்படுத்திச் சேர்த்த பட்டியலால் வணிகத்துக்காவது பயன் உண்டா என்றால், அதுவும் ஐயத்துக்குரியது. நான் கையாளும் கணக்குகளில் 9999999999 என்ற எண்ணில் மட்டும் நூற்றுக்கணக்கான பில்கள் இருப்பதைப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் மறுக்கும்போதோ, வரிசை நீளும்போதோ, ஊழியர் ஏதாவதொரு எண்ணைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறார். சில நேரம் தம் சொந்த எண்ணையே போட்டுவிடுகிறார். விருப்பமில்லாதவரிடம் வாங்கிய எண் பெரும்பாலும் பொய்யெண். மெய்யெண்ணாக இருந்தாலும், நீங்கள் அனுப்பும் செய்தியை அவர் படிக்காமலே நீக்குகிறார்.

இதனால் துன்பப்படுபவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரிசையில் நிற்கும் ஓர் இளம்பெண்ணிடம் எண்ணைக் கேட்கிறார்கள்; அவர் பத்து இலக்கங்களையும் வாய்விட்டுச் சொல்கிறார்; காதில் சரியாக விழவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொல்கிறார்கள். அவருக்குப் பின்னால் நிற்பவர் அதைக் கைபேசியில் பதிந்துகொள்ள வேறென்ன வேண்டும்? அன்றிரவே முகமறியாத ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தால், அந்தப் பெண் தன் வீட்டாருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். பல வீடுகளில் குறை அவர்மீதே விழுகிறது. 2017இல் உத்தரப் பிரதேசத்தில், ரீசார்ஜ் கடைகளுக்கு வந்த பெண்களின் எண்கள் 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை விலைவைத்து விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். நம் ஊர்க் கடைக்காரர்கள் அத்தகையவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடையில் வேலை செய்பவர், வேலையை விட்டுப் போனவர், கவுன்ட்டருக்கு எதிரே நிற்பவர் என்று எல்லோருக்கும் நீங்கள் உத்தரவாதம் தர இயலாது.

மருந்துக்கடைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தொடர்ந்து வாங்கும் மருந்துகளின் பட்டியல் அவருடைய உடல்நிலையை, மனநிலையை, சில வேளைகளில் அவர் துணைவருக்கும் சொல்லாத செய்தியைக் கூட வெளியே காட்டிவிடும். காசநோய் மருந்து, மனநல மருந்து, கருத்தரிப்பைச் சோதிக்கும் பட்டை ஆகியவற்றை ஓர் எண்ணோடு சேர்த்துக் கணினியில் ஏற்றிவிட்டால், அது பில் என்ற நிலையைக் கடந்து மருத்துவக் குறிப்பாகிவிடுகிறது. மருந்து விதிகள் எதைப் பதிய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத, எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மருத்துவரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி, அதை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைச் சட்டம் கேட்கிறது. நோயாளிகளின் நலன் கருதியே கேட்கிறது. காய்ச்சல் மாத்திரை வாங்குபவரின் கைபேசி எண்ணை அது கேட்கவில்லை. மாதந்தோறும் மருந்து தீரும்போது நினைவூட்டல் வேண்டும் என்று ஒரு முதியவர் தாமாகவே எண் கொடுத்தால், அது நல்ல சேவை. அந்த எண்ணை அந்த நினைவூட்டலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதே எண்ணுக்குச் சர்க்கரைநோய் முகாம் விளம்பரம் போனால், அவருடைய நோயை நீங்கள் வேறொருவருக்குச் சொல்லிவிட்டதாகவே பொருள்.

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் வைக்கும் குலுக்கல் பெட்டியிலும் இதே குறை இருக்கிறது. பெயர், முகவரி, எண், வயது, தொழில் என்று எழுதி வாங்கிய ஆயிரக்கணக்கான துண்டுச் சீட்டுகளில் பரிசுக்குரிய சிலவற்றை எடுத்த பிறகு, மீதம் எங்கே போகின்றன என்று கடை முதலாளியிடம் கேட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை. கூப்பனில் ஒரு வரிசை எண்ணை அச்சடித்து, அடிக்கட்டையை வாடிக்கையாளரிடம் கொடுத்து, வென்ற எண்ணைக் கடைவாசலில் ஒட்டினால் எவருடைய முகவரியும் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புதுச்சேலை வந்தால் அறிவிப்பதற்காக இருநூறு வாடிக்கையாளர்களை ஒரே குழுவில் கேட்காமலே சேர்த்துவிடும்போது, ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அறிவிப்பு பெற விரும்புகிறவர்கள் கடை எண்ணைச் சேமித்துக்கொண்டால், பிராட்காஸ்ட் பட்டியல் மூலம் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாமலே செய்தி அனுப்பலாம்.

ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர், கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துவோருக்கு எழுதும்போது எனக்குக் கவலை இன்னும் கூடுகிறது; ஏனென்றால் ஊரில் படிப்பறிவு குறைந்தவர்களும் முதியவர்களும் முழுமையாக நம்பிவருவது உங்களைத்தான். ஆதார், வங்கிப் பாஸ்புக், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை அச்செடுக்க உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். அச்செடுத்துக் காசு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் கோப்பு உங்கள் கைபேசியிலும், கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியிலும், நீக்கினாலும் ரீசைக்கிள் பின்னிலும் இருந்துகொண்டே இருக்கிறது. அடுத்து அதே கணினியில் அமர்பவர் அதைத் திறந்து பார்க்கலாம். கோணலாக விழுந்த நகல்கள் எடைக்குப் போய், அங்கிருந்து பலகாரக் கடைக்குப் போய், யாரோ ஒருவருடைய ஆதார் நகலில் வடை மடித்துக் கொடுப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வீணான நகலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துப் போடுவதும், மாலையில் கடை சாத்துமுன் அன்றைய கோப்புகளை நிலையாக நீக்குவதும் பெரிய வேலையில்லை. 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்க முடியும் என்பதை வருகிறவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொன்னால், அரசு விளம்பரங்கள் சென்று சேராத இடத்துக்கும் அந்தச் செய்தி சேரும். பழுதுபார்ப்பவர்கள், திரை மாற்றுவதற்குக்கூடப் பேட்டர்ன் லாக்கை எழுதி வாங்கிக் கவரில் ஒட்டி வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டே சோதித்துக் காட்டலாம். கைபேசியைக் கடையில் விட்டுச்செல்ல வேண்டியிருந்தால், படங்களைத் திறக்க மாட்டோம் என்று வாய்மொழியாகவாவது உறுதி கொடுக்கலாம். ஒரு குடும்பத்தின் படங்கள் அத்தனையும் அந்தக் கைக்கடக்கப் பெட்டிக்குள் இருக்கின்றன.

இனிக் கடைக்குப் பின்புறம் நடப்பவற்றுக்கு வருகிறேன். பெரும்பாலான கடைகளில் பில்லிங் கணினிக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்தான். அது கடையின் பெயரோடு 123 சேர்ந்ததாக இருக்கும், அல்லது திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மென்பொருளில் ஏதாவது கோளாறு என்றால் டீலரின் ஆள், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வருகிறார். வேலை முடிந்த பிறகும் அந்த வழியை யாரும் மூடுவதில்லை. காப்புப் பிரதி என்று எடுத்த பென்டிரைவ் எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று இடத்தைச் சொல்கிறார்கள். விற்பனைப் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு போட்டிக்கடைக்குப் போனதாக என்னிடம் வருந்திய முதலாளிகள் உண்டு. அவர்களுடைய வருத்தம் தொழில் இழப்பைப் பற்றியது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றியும் வருந்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பில்லிங் ஊழியருக்கு விற்பனைத் திரை மட்டும் தெரியும்படியும், முழுப் பட்டியலைக் கோப்பாக இறக்கும் உரிமை முதலாளிக்கு மட்டும் இருக்கும்படியும் அமைப்பது இன்று பல மென்பொருள்களில் சில சொடுக்குகளில் முடிகிற வேலை. கணக்கருக்கும் வாடிக்கையாளர் பெயர்களை அனுப்ப வேண்டியதில்லை; வரி வீதவாரியான தொகைகளும் பில் எண்களும் எங்களுக்குப் போதும்.

பாதுகாப்புக்கென்று தனித் துறையே வைத்திருக்கும் நிறுவனங்களாலும் தகவலை முழுமையாகக் காக்க முடியவில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் வழியே வெளியாகியிருப்பது 2024 செப்டம்பரில் செய்தியானது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகையில் ஒரு மென்பொருளை ஓட்டும் கடையால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. என் விடை இதுதான்: பெரிய நிறுவனத்துக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் மருத்துவ அறிக்கையைக் கேட்காமல் தொழில் நடத்த முடியாது. நீங்கள் எண்ணைக் கேட்காமலே நடத்தலாம். உங்களிடம் இல்லாத விவரத்தை எவராலும் உங்களிடமிருந்து திருட முடியாது. அதற்குச் செலவும் கிடையாது.

சட்டத்தைப் பற்றி உங்களில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் சிறிது விரிவாகவே எழுதுகிறேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; வணிகர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டம், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும், நிபந்தனை விதிக்காமல் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலோ பெறும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்திலேயே ஒரு மருந்துக்கடை எடுத்துக்காட்டாக வருகிறது. பணம் செலுத்தியதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பும்படி கேட்டு ஒரு பெண் தாமாகவே எண் கொடுத்தால், அந்த ரசீதை அனுப்பும் நோக்கத்துக்கு மட்டும் கடை அதைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. நம்முடைய அன்றாடக் கவுன்ட்டரை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் வருமுன் சேர்த்த பழைய பட்டியலுக்கும் விலக்கு இல்லை. ஒப்புதலோடு பெற்றவையாக இருந்தாலும், அவற்றில் உள்ளவர்களுக்கு, உங்கள் விவரம் எங்களிடம் இன்ன காரணத்துக்காக இருக்கிறது என்று இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த முப்பதாயிரம் பேருக்கு அப்படி அறிவிப்பதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கடைப்பக்கம் வராதவர்களின் விவரத்தை இப்போதே அழிப்பது எளிது. மென்பொருள் டீலர் செய்த தவற்றுக்கும் பொறுப்பு கடையினுடையதுதான். ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்ற செய்தியைக் கேட்டுப் பயந்து சிலர் என்னை அழைக்கிறார்கள். அது உச்ச வரம்பு. குறைபாட்டின் தன்மை, கடுமை, கால அளவு, மீண்டும் நிகழ்ந்ததா என்பவற்றையெல்லாம் எடைபோட்டே, இச்சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். தெருமுனைக் கடைக்கு 250 கோடி வராது. ஆனால் சிறுகடை என்பதற்காகக் கடமையே இல்லை என்று இருந்துவிடவும் முடியாது.

இந்தச் சட்டத்தில் எனக்கு இரு பெரும் மனக்குறைகள் உண்டு. வசூலாகும் தண்டம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. விவரம் கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. மேலும், கணினியில் உள்ளதையும் பின்னர் கணினியில் ஏற்றியதையும் மட்டுமே இது காக்கிறது. நோட்டுப் புத்தகத்திலேயே நின்றுவிடும் விவரம் இதன் வரம்புக்குள் வராது. சட்டம் இப்படிப் பாதியில் நிற்கும் இடங்களில் வாடிக்கையாளரைக் காக்கக்கூடியவர் கடைக்காரர் ஒருவரே. அதனால்தான் நான் அரசுக்கு எழுதுவதற்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் அறிவேன். இணைய வணிக நிறுவனங்கள் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கணக்கிட்டுப் பொருளை நீட்டும்போது, பேர்கூடத் தெரியாத வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டியிடுவது என்று கேட்கிறீர்கள். கடனுக்குக் கொடுப்பவரின் எண் வேண்டும், வீட்டுக்குச் சரக்கு அனுப்பினால் முகவரி வேண்டும், உத்தரவாதம் உள்ள பொருளுக்குப் பதிவு வேண்டும். இவை எவற்றையும் நான் மறுக்கவில்லை. அந்தந்தத் தேவைக்கு அந்தந்த விவரத்தைக் கேளுங்கள், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். இணைய நிறுவனங்களின் கண்காணிப்பைப் பார்த்து அஞ்சும் மக்கள் இன்று பெருகிவருகிறார்கள். எதையும் கேட்காமல் சிரித்த முகத்தோடு பில் கொடுக்கும் கடை அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த நம்பிக்கையில் உங்களோடு போட்டியிட அந்த நிறுவனங்களால் இயலாது.

சங்க நிர்வாகிகளிடம் சில கோரிக்கைகள். பில்லிங் மென்பொருள் நிறுவனங்களிடம் தனி ஒரு கடைக்காரர் பேசினால் எடுபடாது. சங்கம் பேசினால் எடுபடும். கைபேசி எண் கட்டத்தை நிரப்பாமலே அடுத்த கட்டத்துக்குப் போகும்படியும், நீண்டகாலம் பயன்படாத விவரம் தானாக அழியும்படியும், ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவு இருக்கும்படியும் மாற்றித்தரச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். “பில்லுக்குக் கைபேசி எண் கட்டாயமில்லை, விரும்பினால் தரலாம், எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம்” என்ற வாசகத்தை எல்லாக் கடைகளின் கவுன்ட்டரிலும் பெரிய எழுத்தில் வைக்கச் செய்யுங்கள். எண் தர விரும்புகிறவர் வாய்விட்டுச் சொல்லாமல் தாமே தட்டிக்கொள்ள ஒரு சிறு விசைப்பலகையை முன்னால் வைக்கலாம் என்றும் பரிந்துரையுங்கள். ஊழியர்களுக்கு மாவட்டந்தோறும் அரைநாள் பயிற்சி கொடுத்தால், மறுக்கும் வாடிக்கையாளரோடு வாக்குவாதம் செய்ய வேண்டிய சங்கடம் அந்தப் பிள்ளைகளுக்கும் இராது.

ஆண்டுதோறும் மே 5 அன்று வணிகர் தினம் கொண்டாடுகிறீர்கள். வரி, உரிமம், இணைய வணிகம் குறித்த தீர்மானங்களோடு, வாடிக்கையாளர் விவரங்களைப் பற்றியும் ஒரு தீர்மானத்தை, சட்டப் பிரிவுகள் நடைமுறைக்கு வருமுன்பே நிறைவேற்றுங்கள். தீர்மான வரைவையும், மென்பொருள் நிறுவனங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தையும், கவுன்ட்டர் அறிவிப்பின் வாசகத்தையும் எந்தச் சங்கம் கேட்டாலும் கட்டணமின்றி எழுதிக் கொடுக்க அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்களில் ஒருவன்